காதுப்பெட்டி இல்லாத வீடு

"குழாயைத் திற. தண்ணி சத்தத்துல பேசலாம்," என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

மனைவி குளியலறைக் குழாயைத் திருகினாள். வாளி நிரம்பும்வரைதான் இப்போதெல்லாம் தம்பதிக்குள் பேச்சு.

"காதுப்பெட்டியத்தான் கழட்டிட்டாங்களே, இன்னும் எதுக்குங்க இந்தக் கூத்து?"

"கழட்டிட்டாங்க, சரி. என் தம்பி நம்ம வீட்டுல அடிச்ச ஜோக் எப்படி அவங்க ஆபீஸ் வரைக்கும் போச்சு?"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. பழைய ஆட்சியில் வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பெட்டி; பேசுவதெல்லாம் அதற்குக் கேட்கும். புது ஆட்சி வந்ததும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து பிடுங்கிப் போனார்கள். தெருவே கைதட்டியது. அந்த ஓட்டையை அவள் காலண்டர் மாட்டி மறைத்திருக்கிறாள்.

அப்புறமும் பாருங்கள், சாப்பிடும்போது கொழுந்தன் புதுத் தலைவரின் மூக்கைப் பற்றி ஏதோ சொல்ல, அந்த வாரமே அவனை நல்வழிப் பள்ளிக்கு அள்ளிப் போனார்கள். பழைய ஜெயிலுக்கே புதுச் சுண்ணாம்பு அடித்து வைத்த பெயர் அது. நேற்று எப்படியோ தப்பி வந்தவன், இப்போது சமையலறைப் பரணில் பழைய பாத்திரங்களோடு ஒடுங்கிக் கிடக்கிறான். மறுபடி பிடிபட்டால் ஆளே மிஞ்சமாட்டான்.

மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. கடிகாரம், ரேடியோ, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்துவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் மணி தெரியாமல் போனதுதான் மிச்சம்.

"மேல்வீட்டு டீச்சரா இருக்குமோ?"

"அவங்களுக்கு இடி விழுந்தாலே கேக்காது."

"அப்போ நீ யார்கிட்டயாவது..."

"நல்லாயிருக்கே. அந்த ஜோக்குக்குச் சிரிச்சதே நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லுவேனா?"

அது சத்தியம். அவள் வாயிலிருந்து ஒரு சேதி கறக்க முடிந்ததில்லை என்று தெருவுக்கே மனக்குறை உண்டு.

பரணிலிருந்து குரல் வந்தது. "அண்ணி, என்னால உங்களுக்கும் கஷ்டம்."

"பேசாம படுடா. தும்மினேன்னா தெரியும் சேதி."

"சாயங்காலம் லாரியில ஏத்தி எல்லை தாண்ட விட்டுடறேன்," என்றார் மெக்கானிக். "அதுவரைக்கும் மூச்சு விடாத."

"நான் எங்க மூச்சு விடறேன்?" என்றவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் போயிட்டு வந்துடறேன்."

தெருமுனையில் மஞ்சள் கட்டடம். 'ஒட்டுக்கேட்கப்பட்டோர் ஆறுதல் மையம்' என்று பலகை. பெட்டியால் நிம்மதி இழந்தவர்கள் வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேச, புது அரசு இலவசமாகத் திறந்து வைத்தது. அங்கிருந்த அக்கா டீ கொடுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, கண்ணெல்லாம் வீங்கியிருக்கு?"

"இன்னும் எங்க வீட்டுல யாரோ ஒட்டுக் கேக்கறாங்கக்கா. யாருன்னே புரியல."

அக்காவின் கண் கலங்கியது. "என்ன கொடுமை. மனசுல வச்சுக்காதம்மா, கொட்டிடு."

இப்படிக் காது கொடுத்துக் கேட்க அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"உங்ககிட்ட மட்டும்தான்க்கா சொல்றேன், போன தடவை மாதிரியே," என்று டீயை ஓரமாக வைத்தாள். "எங்க சமையலறைப் பரண்மேல..."