கயிற்றைத் தாண்டாதவன்

காலை ஏழு பத்துக்கு ஓட்டோ மணலில் புதைந்தது. இதற்கு மேல் போகாது என்றான் அஸாம்.

விஜிதரன் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு இறங்கினான்.

முன்னால் கடல். முதுகுப் பக்கம் வாவி. நடுவில் இரண்டு தெரு அகலத்துக்கு ஊர்.

பாசிக்குடா ஹோட்டலில் அவன் சிட்னியிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி. தமிழ் தெரியாதவன். ஓட்டோவில் கொண்டுவந்த அஸாமும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

அப்படியே இருக்கட்டும். இலட்சுமிப்பிள்ளை மாமி உயிரோடு இருக்கிறாளா என்று தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒருவரும் தன்னை அடையாளம் காணக் கூடாது. பார்த்தவுடன் போய்விட வேண்டும்.

சுனாமி அவன் வீட்டைத் துடைத்த பிறகு மாமி வீட்டில்தான் சோறு தின்றான். பதின்மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கரையிலிருந்து அவனும் மாமியின் மகன் ரதீஸும் வெளிநாடு போகக் களவாகப் படகேறினார்கள்.

ஒருவன்தான் போய்ச் சேர்ந்தான். அந்த ஒருவன் ஊருக்கு ஒரு தடவையும் போன் எடுக்கவில்லை.

கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. கயிற்றில் பதினைந்து பேர். மணல் மேட்டில், கயிற்றின் வாலில், ஒருத்தி குந்தியிருந்து வந்த கயிற்றை வளையமாகச் சுற்றினாள்.

மாமிதான். பாதியாகியிருந்தாள்.

பார்த்தாயிற்று. அப்போதே போயிருக்கலாம்.

நாய் ஒன்று குரைத்துக்கொண்டு வந்தது. ஒருவரும் அதட்டவில்லை.

"இவருக்குத் தமிழ் தெரியாதாம்," என்றான் அஸாம்.

"அப்ப வாய் நிறைய ஏசலாம்." சொன்னவர் அழகரத்தினம். அந்த வலைக்குத் தண்டல் அவர். அவர் சொன்னால்தான் கயிறு அசையும்.

கயிறு முழுக்கச் சிரித்தது.

"வயித்தப் பாருங்கடா. ரெண்டு பேர்ர சோத்த ஒருத்தன் திண்ட வயிறு."

"மூஞ்சிய மூடிட்டு வந்திருக்கு, களவெடுத்த பூன மாதிரி."

"கடல் பாக்க வந்தாராம் தொர. கடலுக்கும் இவரப் பிடிக்கல்ல போல."

விஜிதரன் ஒன்றும் விளங்காதவன் போலப் பல்லைக் காட்டினான். தாடை வலித்தது. ஹோட்டலுக்கு இடம் பார்க்க வருகிறவர்களைக் கண்டால் இந்த ஊருக்கு ஆகாது. அந்தக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அழகரத்தினம் மேலே வந்தார். அவன் கையிலிருந்த போனைப் பறித்து அஸாமிடம் எறிந்தார். கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கயிற்றில் வைத்தார்.

"இழுக்கட்டும். கை உரியட்டும்."

மறுத்தால் முகத்தைப் பார்ப்பார்கள். இழுத்தான்.

உப்பில் ஊறிய கயிறு முள்ளாகக் குத்தியது. குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். முன்பெல்லாம் அவனுக்கு முன்னால் ரதீஸ் பிடிப்பான். அந்த முதுகைப் பார்த்துத்தான் இழுக்கப் பழகினான். இப்போது முன்னால் வேறு யாரோ.

அடி அடியாகப் பின்னால் போய் மாமியிடம் வந்து சேர்ந்தான். மாமி தலை நிமிரவில்லை. கயிற்றை மட்டும் வாங்கினாள்.

கயிற்றை விட்டவன் திரும்பவும் தண்ணீர் ஓரத்துக்குப் போய், கயிற்றின் மற்றப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். விஜிதரன் மாமியின் முதுகுப் பக்கத்தால் சுற்றி, மற்றப் பக்கத்தால் இறங்கி, அலைக்குள் நின்று மறுபடி பிடித்தான்.

சிரிப்பு நின்றிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. வருகிற வெளியூர்க்காரர் எல்லாரும் கயிற்றைத் தாண்டித்தான் குறுக்கே போவார்கள். தாண்டினால் வலை வெறுமையாய் வரும் என்பது இந்தக் கரையில் வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். அவனுடைய கால் அவனைக் கேட்காமலே சுற்றிப் போயிருந்தது.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு கையால் தொப்பியை இன்னும் கீழே இழுத்தான்.

அழகரத்தினம் கடலைப் பார்த்துத் துப்பினார். "இழு," என்றார்.

ஓட்டோ அறுபது அடியில் நின்றது. அஸாம் போனை வைத்துக்கொண்டு வாய் பார்த்தான். விட்டுவிட்டு ஓடலாம். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நெருக்கிப் பிடித்திருந்தார்கள். கயிறு அவனைப் பின்னால் கொண்டுபோனது, ஒவ்வோர் அடியாக, மாமியிடம்.

குதிக்கால் கயிற்று வளையத்தில் முட்டியது.

இந்த முறை மாமி கயிற்றை வாங்கவில்லை.

"ஓட்டோவால இறங்கின நேரம் தொட்டு ஏசுறம்," என்றாள். "ஒண்டும் விளங்காத மாதிரியே நிக்கிறாய்."

உள்ளங்கை உரிந்து ஈரமாயிருந்தது. விரல்கள் கயிற்றை விட மறுத்தன.

மாமி எழுந்து அவனுடைய தொப்பியைக் கழற்றினாள். வளையத்தின் மேல் வைத்தாள்.

"உனக்கு முன்னால பிடிச்சவன எவ்விடத்தில விட்டாய், மனே?"