சுரண்டிய இடம்

"எம் நாட்டுக் கணக்கில் ஆண்டு அறுநூற்றுத் தொண்ணூறு, திராட்சை மந்திரிக்கும் பெருநாளுக்கு அடுத்த வியாழன். நேற்று ஒரு சிறு பிழை செய்தேன். பர்சேக்கின் பெயரை இறந்தோர் பக்கத்தில் எழுதிவிட்டேன். கத்தியால் சுரண்டி எடுத்து, தாத்தார்கள் பிடித்துப்போனோர் பக்கத்தில் எழுதினேன்."

துறவி தோரோஸ் தன் நாட்குறிப்பில் மை உலர ஊதினார்.

சுற்றியுள்ள ஏழு ஊர்களில் யார் பிறந்தார், யார் இறந்தார், தாத்தார்களின் குதிரைப்படை வந்த ஆண்டில் யார் பிடிபட்டார் என்பதெல்லாம் மடத்தின் ஒரே பதிவுப் புத்தகத்தில்தான் இருந்தது. அதில் ஈரம் ஏறிவிட்டது. கோடை முழுவதும் அதைப் பார்த்துப் புதிய தோல் ஏடுகளில் எழுதிக்கொண்டிருந்தார்.

பழையதில் பர்சேக் பிடிபட்டோர் பக்கத்தில்தான் இருந்தான். நேற்று கை ஏன் பக்கம் மாறி எழுதியது என்று அவர் யோசிக்க விரும்பவில்லை.

பதினொரு பேர் சாப்பிட்ட மடத்தில் இப்போது ஒரு கிண்ணம். வியாழக்கிழமை மட்டும் இரண்டு.

பர்சேக்கின் மனைவி வார்த்தேனி கூடையில் மந்திரித்த திராட்சையோடு மூச்சு வாங்க வந்தாள்.

"கழுதைகூட பாதி வழியில திரும்பிடுது சாமி. நான்தான் புத்தியில்லாம ஏறி வர்றேன்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தோரோஸ் பர்சேக்கின் பெயர் இருந்த வரியைக் காட்டினார். அவள் விரலை அதில் வைத்து, பிறகு உதட்டில் வைத்துக்கொண்டாள். ஐந்து ஆண்டுகளாக அவளுக்குக் கணவன் இருந்தது அந்த ஒரு வரியில்தான்.

"மாவரைக்கிற நீராலைக்காரன் சதூன் என்னைக் கட்டிக்கக் கேட்டுக்கிட்டே இருக்கான். சிலுவைப் பெருநாள் வரைக்கும்தான் பொறுப்பானாம். அவன் தும்மினா மாவு பறக்கும். ஆனா வீட்ல பேச ஒரு ஆள் இருக்கும். ஊர்ச் சாமியார், என் வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு உங்க புத்தகம் சொன்னாத்தான் தலையில மணமுடி வைப்பேங்கிறாரு."

"புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான்."

"அப்ப அவரு இருக்காரு." அவள் ஏட்டைப் புரட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க மட்டும் சொரசொரன்னு இருக்கே?"

"அது இறந்தவங்க பக்கம். ஒரு பிழை. எடுத்துட்டேன்."

"யாரு பேரு?"

தோரோஸ் திராட்சைக் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி விடுங்க. எவளோ கொடுத்து வெச்சவ. செத்துட்டாருன்னு எழுதினதையே அழிச்சுட்டீங்களே."

கூழைக் குடித்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். இரண்டு கிண்ணங்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவர் கோயிலின் பின்பக்கம் போனார்.

வாதுமை மரத்தடியில் எழுத்தில்லாத ஒரு கல் இருந்தது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், காயத்தோடு மடத்துக்கு ஓடிவந்து உயிர்விட்ட பர்சேக்குக்காக அந்தக் குழியைத் தோண்டியவர் அவர்தான். கையில் மண் காயுமுன் வார்த்தேனி வந்துவிட்டாள். பிடித்துக்கொண்டா போனார்கள் என்று கேட்டாள். அவர் ஆமென்று தலையசைத்தார்.

நாலு நாள் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வியாழக்கிழமை அவள் வந்தாள். அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தாள். அந்த மலையில் வேறு யாரும் ஏறவில்லை.

திரும்பி வந்து, காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினார்.

"முதலில் எழுதியது பிழையன்று. அதைத் திருத்தியதுதான் பிழை. நாளை பர்சேக்கின் பெயரை மீண்டும் சுரண்டி, இறந்தோர் பக்கத்தில் முன்பு சுரண்டிய இடத்திலேயே எழுத வேண்டும். சுரண்டிய தோலில் மை கசியும். எழுதிவிட்டுக் கீழே போய், வார்த்தேனியை அழைத்துவந்து கல்லைக் காட்ட வேண்டும்."