அதிரா வரவில்லை

"இன்னைக்கு அவ மூஞ்சியப் பாக்காம நான் வீட்டுக்குப் போறதில்ல, பாய்!"

எஸ்பிளனேட் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தபடி குணாளன் சொன்னார். பக்கத்தில் இருந்த ஷேக் அலாவுதீன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லிட்டில் இந்தியாவில் இருவருக்கும் அடுத்தடுத்த தெருவில் போட்டோ ஸ்டூடியோ. மலிவு விலையில் டிஜிட்டல் கேமரா வந்தாலும் வந்தது, ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கொரு ஃபேஸ்புக் பக்கம் என்று ஆகிவிட்டது. குடும்பப் படம் எடுக்க ஸ்டூடியோ படியேறுபவர்கள் குறைந்துபோனார்கள். போன வருடம் ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் கூடி, இந்த விலைக்குக் கீழே யாரும் இறங்குவதில்லை என்று கைகொடுத்துக்கொண்டார்கள். அந்த யோசனையைச் சொன்னவரே அலாவுதீன்தான்.

இப்போது அதில் கால்வாசி விலைக்கு ஒருத்தி படம் எடுத்துத் தருகிறாள். 'அதிரா போட்டோ' என்று ஒரு பக்கம். அதில் ஆளின் முகமும் இல்லை, முகவரியும் இல்லை. வாட்ஸ்அப் எண் மட்டும்தான். குணாளன் தன் மச்சினி போனிலிருந்து அவள் பெயரில் மெசேஜ் போட்டு, குடும்பப் படம் எடுக்க வேண்டும், பத்து மணிக்கு எஸ்பிளனேடுக்கு வா என்று சொல்லியிருந்தார். காலையில் அலாவுதீன் வீட்டு வாசலில் போய் நின்று, விஷயத்தைச் சொல்லி, மறுக்க மறுக்கத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"போயிடலாம் குணா. பாவம், யாரோ வயித்துப்பாட்டுக்குச் செய்யுது."

"நமக்கு மட்டும் வயிறு இல்லையா? புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கிற ராமசாமி வீட்டுல எல்லா விசேஷத்துக்கும் நான்தான் படம் எடுப்பேன். இந்தத் தடவை நிச்சயதார்த்தத்துக்கு அவளைக் கூப்பிட்டுட்டாங்க."

அலாவுதீனின் முகம் சுண்டிப்போனது. "ராமசாமி உன் கஸ்டமரா?"

"ஆமா. ஆனா ஒண்ணு சொல்லணும் பாய். அவ ஃபேஸ்புக்ல அந்தப் படத்த நானும் பாத்தேன். ராமசாமி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அவ எடுத்த படத்துல மனுஷன் வாய்விட்டுச் சிரிக்கிறாரு. எங்க கத்துக்கிட்டாளோ!"

அலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து மணி தாண்டியது. ஒரு சீனக் கல்யாண ஜோடி வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. அதிரா வரவில்லை. குணாளன் போன் போட்டுப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"பயந்துட்டா லா."

"வந்தா மட்டும் என்ன செய்யப் போற? நாலு பேர் முன்னால திட்டுவ. அந்த வெக்கத்துல அவ தொழிலையே விட்டுட்டா உனக்குச் சந்தோஷமா?"

அலாவுதீனின் குரல் நடுங்கியதைக் கேட்டுக் குணாளன் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் சண்டைக்கு வரல, பாய். உங்ககிட்ட உண்மையச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. இந்த மாசத்தோட கடைய மூடுறேன். அவகிட்ட ஒரு வேலை கேக்கத்தான் வந்தேன். கூட நின்னு லைட்டு புடிக்கிற வேலையா இருந்தாலும் சரி. நான் ஸ்டூடியோக்காரன்னு சொன்னா வரமாட்டான்னுதான் மச்சினி பேரப் போட்டேன். தனியா வந்து கேக்க மனசு வரல. அதான் உங்களையும் இழுத்துட்டு வந்தேன்."

குணாளன் மறுபடியும் போனை எடுத்தார்.

"போன் போடாத குணா. அவ வரமாட்டா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அலாவுதீனால் தலை நிமிர முடியவில்லை.

"அதிரான்னு யாரும் இல்ல. பத்து மணிக்கு இங்க வர வேண்டிய ஆள, ஒன்பது மணிக்கே நீதான் உன் காடியில ஏத்திட்டு வந்துட்ட."