சிவப்பு மினி

“சாமி, நான் யாவாரத்துக்காகச் சொல்லேல்ல. உங்கட பிள்ளைக்கு இது காணாது.”

மயூரதன் அந்தச் சிவப்பு மினி லெப்டொப்பைத் திரும்பக் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கப் போனான். வாங்க வந்தவரை வாங்க வேண்டாமென்று மறிக்கிற கடைக்காரனை ஹட்டன் பஸார் கண்டிருக்காது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை போட்ட இந்த ஆளுக்கு அப்படியொரு கிறுக்கு, என்ன செய்ய!

எதிரே மனைவியோடு நின்ற சோலைமலைக்கு முகம் முழுக்கத் தாடி. கார்த்திகை பிறந்தால் தை வரை ஹட்டனில் பாதி ஆம்பிளைகள் ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடியோடுதான் திரிவார்கள். அதனால் ஆள் படியேறும்போதே மயூரதன் “வாங்கோ சாமி” என்றுவிட்டான். மாலை மப்ளருக்குள் இருக்கும். காலில் செருப்புக் கிடந்தது. இந்தக் குளிருக்கு ஐயப்பன் மன்னிப்பார் என்று அதையும் விட்டுவிட்டான்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், பிரேமினியின் அப்பா, அம்மா என்று அறிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பிள்ளையைத் தெரியாதா? கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை டியூஷன் வகுப்பு முடிந்ததும் நேரே இந்த அலுமாரிக்கு முன்னால்தான் வந்து நிற்பாள்.

“பையில போட்டுத் தூக்கிட்டுப் போயிரலாம் சேர், ஆனா எழுத்து ரொம்பச் சின்னது. லயத்து வீட்டுல கரண்டு போனாலும் எரியும், ஆனா சிடி போட வழியில்ல” என்று அவளே இரண்டு பக்கமும் பேசுவாள். அவளே வக்கீல், அவளே நீதவான். கடைசியில் தீர்ப்புச் சொல்லாமல் சிரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள்.

“இப்ப கொஞ்ச நாளா வகுப்புப் பக்கம் காணேல்லயே?” என்று கேட்டான் மயூரதன்.

“காய்ச்சல்னு படுத்தாங்க” என்றார் சோலைமலை.

“ஊர் முழுக்கக் காய்ச்சல்தான். கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ, எழும்பீடுவா.”

மனைவி சண்முகவடிவு சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெற்ற வயிறு அப்படித்தான் என்று மயூரதனுக்கு மனசு இளகியது. இவர்களை ஏமாற்றி அனுப்பக் கூடாது என்ற பிடிவாதமும் கூடியது.

“இஞ்ச பாருங்கோ அம்மா. இதே விலைக்குப் பாவிச்ச பெரிய கம்பியூட்டர் ஒண்டு கிடக்கு. திரை பெரிசு, சிடி போடலாம், கனகாலம் நிண்டு பிடிக்கும். பிள்ளை நாளைக்குக் கம்பஸுக்குப் படிக்கப் போவா. இந்த மினி ரெண்டு வருசத்தில மூச்சு வாங்கத் தொடங்கீடும்.”

“ரெண்டு வருசமெல்லாம் வேணாங்க தம்பி” என்றாள் சண்முகவடிவு. மினியைத் திறந்து, விரல் விரித்து ஒரு சாண் அளந்து பார்த்தாள். “இது கரண்டுல சொருகாம எவ்வளவு நேரம் எரியும்?”

“மூண்டு மணித்தியாலம் நிக்கும்.”

“அது போதுங்க.”

மயூரதனுக்குச் சுருக்கென்றது. எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாத சனம்!

“பிள்ளை நிறத்தைப் பாத்து ஆசைப்படும் சாமி. பெரியாக்கள் நாங்கள் யோசிக்க வேண்டாமோ?”

“யோசிச்சு யோசிச்சுத்தாங்க தள்ளிப் போட்டோம்” என்றார் சோலைமலை. “தீபாவளிக்கே வாங்கித் தர்றேன்னு சொன்னேன். ஜனவரி பொறந்தா வெல எறங்கும், கடைக்கார சேர் சொல்லியிருக்காருன்னு அவதான் வேணான்னுட்டா.”

“பாத்தீங்களோ!” மயூரதனுக்கு வாயெல்லாம் பல். “நான்தான் சொன்னனான், அவசரப்படாதேங்கோ பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ எண்டு. சொன்ன மாதிரியே இறங்கிப் போச்சு. பொறுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு!”

சண்முகவடிவு முந்தானையால் மினியின் மூடியைத் துடைத்தாள். துடைக்க அதில் தூசி ஒன்றும் இல்லை.

இதற்கு மேல் வாதாடி என்ன பிரயோசனம்? அவன் பெட்டியை எடுத்து, வயர்களைச் சுருட்டி வைத்தான். உத்தரவாத அட்டையில் யார் பெயர் எழுதுவது என்று கேட்டான்.

“அவ பேரே எழுதுங்க தம்பி. அவ பேருலயே இருக்கட்டும்” என்றாள் சண்முகவடிவு.

பிரேமினி என்று அழகாக எழுதினான். அந்தப் பிள்ளை இதைத் திறக்கும்போது முகம் எப்படிப் பூரிக்கும் என்று நினைக்க, அவனுக்கே சின்னப் பிள்ளை போல சந்தோஷம் பொங்கியது.

“அப்ப சாமி, தாடி எடுக்கிறது மலைக்குப் போய் வந்துதானோ?”

“நாளைக்கு எடுத்துருவேங்க.”

“அட, மாலை கழட்டுற நாள் அவ்வளவு கிட்டவோ! அப்ப ஒரு காரியம் செய்யுங்கோ. காய்ச்சல் விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் பெட்டி இஞ்சயே இருக்கட்டும். தமிழ் எழுத்தெல்லாம் போட்டு, இதை என்ர கையாலயே அவவிட்டக் குடுக்கோணும்.”

சோலைமலை பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மப்ளர் நழுவி விழுந்தது. கழுத்தில் மாலை இல்லை.

“நாளைக்கு அவளுக்குக் கருமாதிங்க, படையல்ல வைக்கத்தான் வாங்குறோம்.”