இறங்காத றாத்தல்

"முதல் பத்து றாத்தல் லேசாய்ப் போச்சுது. இப்ப மூண்டு கிழமையாய் உடம்பு நிறையிலை ஒரு றாத்தலும் இறங்கேல்லை, வெள்ளையா!" கோர்ட்டு வாசலில் வழக்குரைக்கும் புறொக்டர் அம்பலவாணர் தலையில் கைவைத்தார். "சோத்தை விட்டன், நெய்யை விட்டன். இனி எதை விடுறது?"

வெள்ளையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மனசு விட்டுறாதீங்க ஐயா. கண்டிக் குளத்தச் சுத்தி நடந்தா பத்தாதுங்க, அது சமதரை. உங்க வீட்டு மேட்டுல காலையில ஏறி எறங்குங்க. ராவுல கஞ்சி மட்டும் குடிங்க."

"என்ரை மனுசிக்கும் இல்லாத கவலை உனக்கேன்?"

வெள்ளையன் இருமலை அடக்கிக்கொண்டான். "நீங்க எளைச்சே ஆகணும் ஐயா. எம் புள்ளைங்களுக்காகச் சொல்றேன்."

அம்பலவாணர் மேட்டில் நடந்தார். கஞ்சி குடித்தார். இரண்டு மாதம் கழித்து, அதே வாசலில் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் பதினெட்டு றாத்தல் இறங்கிட்டுது! எல்லாம் உன்னாலைதான்."

"சாமி கண்ணத் தொறந்திருச்சுங்க." வெள்ளையன் கண்களைத் துடைத்தான். "ஏறுங்க ஐயா, வீட்டுக்குப் போவோம்."

"இனி ஏன் ஏறுறது? மூச்சு வாங்காமல் மேடு ஏறுறன். இனி உன்ரை ரிக்‌ஷா எனக்குத் தேவையில்லை."

அவனுடைய ஒரே வாடிக்கைக்காரர் விறுவிறுவென்று நடந்து மறைந்தார்.

வெள்ளையன் ரிக்‌ஷாவின் கைப்பிடிகளைத் தூக்கினான். ஆளில்லாத வண்டி இவ்வளவு கனக்கும் என்று அவனுக்கு அன்றுவரை தெரியாது.