டேஸ்ட்

"டேஸ்ட்டுன்னா என்ன அர்த்தம், மேனேஜர் சார்?"

தொழிற்சங்கத் தலைவர் கேன்டீன் சூப் கிண்ணத்தை மேஜை மேல் ணங்கென்று வைத்தார். சூப் தெறித்து மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் பொட்டு வைத்தது.

"இங்கிலீஷ் வார்த்தை. நீங்களே சொல்லுங்க." மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார்.

"சொல்றேன். உங்களுக்கு டேஸ்ட்டுன்னா திரைச்சீலை கலரு, போடற ஷூ. எங்களுக்கு டேஸ்ட்டுன்னா நாக்கு. அந்த நாக்குல வாரக்கணக்கா உப்பு படலை. இன்னும் ஒரு வேளை இப்படி வந்தா, போராட்டம்னா என்னன்னு ஒரு டேஸ்ட் காட்டுவேன்!"

இப்படிப் பேசினால் பின்னாலிருந்து கைதட்டல் எழும். இன்று எழவில்லை. திரும்பிப் பார்த்தார். கூட வந்த தொழிலாளிகள் அறை வாசலிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'தொடைநடுங்கிப் பசங்க!' பல்லைக் கடித்தார். இவர்களுக்காகத் தடியடி பட்டு, ஜெயிலுக்கும் போய் வந்த உடம்பு அவருடையது. இவர்களோ உப்பில்லாத சாப்பாட்டைக்கூட வாய் திறக்காமல் விழுங்குகிறார்கள்.

மேனேஜர், கேன்டீன் சமையல்காரம்மாவை வரச் சொன்னார். அவள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து ஓரமாக நின்றாள்.

"கம்பெனி வாங்கித் தர்ற உப்பு எங்கே போகுது?" என்றார் மேனேஜர்.



"விக்கறியாம்மா?" என்றார் தலைவர்.

"சத்தியமா இல்லண்ணே."

"அப்புறம் ஏன் போடறதில்லை?"

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளைங்க படிக்குதுண்ணே. வேலையில மட்டும் கை வெச்சிடாதீங்க."

மேனேஜர் சிரித்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தலைவரே, இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன். உங்க டேஸ்ட்டும் என் டேஸ்ட்டும் ஒத்துப்போறது இதுதான் முதல் தடவை."

அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்தது. ஒருத்தர் வேலையும் போக விட்டதில்லை என்று மேடைக்கு மேடை மார்தட்டியவர் அவர். ஆனால் வீம்பு விடவில்லை. தொழிலாளி வாயில் மண்ணைப் போடுகிறவளுக்கு என்ன இரக்கம்?

"அனுப்..."

"அண்ணே, வேணாம்!" வாசலில் நின்ற வெல்டர் ஒருவர் உள்ளே பாய்ந்து வந்தார். "அக்கா மேல தப்பு இல்ல. உப்பு போடாதீங்கன்னு சொன்னதே நாங்கதான்."

"என்னடா உளர்றே?"

"போன மாசம் கேட் மீட்டிங்ல பேசிட்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தீங்களே, ஞாபகம் இருக்கா? உப்பைத் தொட்டா உசிருக்கே ஆபத்துன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரு. முதலாளி வீட்டு டாக்டர், அப்படித்தான் பயமுறுத்துவான்னீங்க. அக்கா உங்களுக்குன்னு தனியா ஆக்கி வெச்சாங்க. தட்டி விட்டீங்க."

"தட்டி விடாம? தலைவனுக்கு ஒரு பானை, தொண்டனுக்கு ஒரு பானையா? எல்லாருக்கும் ஒரே பானைதான்!"

"அதேதாண்ணே கத்தினீங்க. அதான் ஒரே பானையா ஆக்கச் சொல்லிட்டோம்."

தலைவரால் சமையல்காரம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்போ எனக்காக... நீங்க எல்லாருமா இத்தனை நாளும் உப்பில்லாம தின்னீங்க?"

வெல்டரின் கைதான் முதலில் சட்டைப் பைக்குள் போனது. பிறகு, வாசலில் நின்றவர்களின் கைகள்.

பிடிபட்ட திருடர்கள் மாதிரி அசடு வழிந்துகொண்டு ஆளுக்கு ஒன்றாக வெளியே எடுத்தார்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த உப்புப் பொட்டலத்தை.