ஒரே கப்பில் இரண்டு கத்தரி

எழுத்தாளர் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து துருவப் பயணக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் வரிசையாகக் காகிதக் கப்புகள். கடைசிக்கு முந்தைய கப்பில் இரண்டு கத்தரி நாற்றுகள் நின்றன. ஒன்று கொழுகொழுவென்று இருந்தது, மற்றது நோஞ்சான். கப்புக்கு இரண்டு விதை போட்டு, முளைத்தபின் மெலிந்ததைக் கிள்ளி எறிவது அவர் வழக்கம்.

பக்கத்துக் கப்புகளில் நடந்ததைப் பார்த்த நோஞ்சான் கொதித்துக்கொண்டிருந்தது.

"பனியில கால் ஒடிஞ்ச ஒருத்தனை மத்தவங்க விட்டுட்டுப் போகணுமாம். அதுக்கு மனசு வராம காலையிலேர்ந்து எழுதி எழுதி அடிக்கிறார்," என்றது கொழுத்தது. "எவ்வளவு இளகின மனசு பாரு."

"அவன் காகிதத்துல இருக்கான். நான் இங்க உயிரோட நிக்கிறேன். என்னை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாரா?"

"பெரிய மனுஷரை அப்படிப் பேசாதே."

"நீ சொல்லுவேடா. விரல் உன்கிட்ட வராதே."

கடைசியில், கால் ஒடிந்தவனைத் தோழர்கள் தோளில் தூக்கி நடப்பதாக எழுத்தாளர் எழுதி முடித்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கண்ணோடு கப்பை இழுத்தார், விரலால் துழாவினார், ஒன்றைக் கிள்ளி ஜன்னலுக்கு வெளியே வீசினார்.

வெளியே விழுந்தது கொழுத்தது.

நோஞ்சான் பிழைத்துவிட்டது. ஆனால் அதன் கோபம் இரட்டிப்பானது. எழுத்தாளர் எழுதியதை முதலிலிருந்து வாசித்தார், மறுபடி கண் கலங்கினார், அடுத்த கப்பை இழுத்தார்.